ரோபோட்டிக்ஸ் கிளப்பில் 9 பேர் 43 ஆகிவிட்டார்கள், எப்படிச் சமாளிப்பது?

டெட்ராய்ட் அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். டெட்ராய்ட் பக்கம் இருக்கிறோம், பையன் 11ஆம் வகுப்பு. அவன் 9ஆம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளியின் எஃப்.ஆர்.சி. (ஃபர்ஸ்ட் அமைப்பு நடத்தும் பெரிய ரோபோ போட்டி) அணியில் மொத்தமே 9 பேர்தான். நான் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதால் என்னையும் மென்டராக, அதாவது பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக, சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருடம் ரோபோ பாதி ஆட்டங்களில் நகரவே இல்லை. போன மார்ச்சில், முன்னணி அணிகள் தங்களோடு சேர்ந்து ஆட மற்ற அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டணித் தேர்வில் ஒரு அணி எங்களைக் கூப்பிட்டது, முதல் தடவையாக பிளேஆஃப் (கடைசிக் கட்ட ஆட்டங்கள்) ஆடினோம். திங்கட்கிழமை காலையில் பள்ளி முழுக்க அதே பேச்சு. இந்த செப்டம்பரில் வந்து சேர்ந்தவர்களோடு எண்ணினால் 43 பேர்.

சந்தோஷம்தான். ஆனால் மென்டர்கள் நாலே பேர், எங்களுக்குக் கொடுத்திருப்பது பழைய ஸ்டோர் ரூம். ரோபோ மேல் கை வைப்பது ஆறு ஏழு பேர், மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள். போன வாரம் 9ஆம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, நான் நாலு வாரமாக வருகிறேன், எனக்கு என்ன வேலை என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

இன்னொரு மென்டர் தேர்வு வைத்து 20 பேரை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் மாற்று வழியும் தெரியவில்லை. கிக்காஃபுக்கு (ஜனவரியில் புது ஆட்டத்தை அறிவிக்கும் நாள்) மூன்று மாதம்கூட இல்லை. இந்த நிலையைத் தாண்டி வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

எடிசன்வாசி:

நியூ ஜெர்சியில் எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் எஃப்.டி.சி. (அதே ஃபர்ஸ்ட் அமைப்பின் சின்ன ரோபோ போட்டி) அணிகளாகப் பிரித்துவிட்டார்கள், நன்றாகப் போகிறது. ஒரு அணிக்கு அதிகபட்சம் 15 பேர், ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும், அதனால் வகுப்பறை மேசையிலேயே வேலை செய்யலாம், செலவும் குறைவு. 43 பேர் என்றால் மூன்று அணி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ரோபோவைத் தொடும் வாய்ப்பு வரும்.

---

டெட்ராய்ட் அப்பா:

நன்றி சார், நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஆனால் மிச்சிகனில் எஃப்.டி.சி. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, உயர்நிலைப் பள்ளிக்கு எஃப்.ஆர்.சி.தான். அந்தக் கதவு எங்களுக்கு இல்லை.

---

பழைய மென்டர்:

நான் கிராண்ட் ராப்பிட்ஸ் பக்கம் எட்டு வருடமாக மென்டராக இருக்கிறேன். தயவுசெய்து தேர்வு வைக்காதீர்கள். நாங்கள் ஒரு வருடம் வைத்தோம், இன்றுவரை வருந்துகிறேன். தேறியவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே 3டி பிரிண்டர் வைத்திருந்த பிள்ளைகள், அதாவது ஏற்கெனவே தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டோம். அடுத்த ஜூனில் 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாகப் படிப்பு முடித்துப் போனார்கள், ஜனவரியில் பார்த்தால் வயரிங் தெரிந்த ஒரு ஆள்கூட அணியில் இல்லை.

43 பேருக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது, அது ரோபோவைச் சுற்றி மட்டும் இல்லை என்பதுதான் விஷயம். ஸ்கவுட்டிங்கை, அதாவது மற்ற அணிகளின் ரோபோ எப்படி ஆடுகிறது என்று பார்த்துக் குறிப்பெடுப்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆட்டத்தில் மூன்றுக்கு மூன்று, களத்தில் ஆறு ரோபோ. ஒரு பிள்ளைக்கு ஒரு ரோபோ என்று வைத்தால்தான் கணக்கு சரியாக வரும், ஒரே பிள்ளை இரண்டைப் பார்த்தால் இரண்டும் தவறும். மாவட்டப் போட்டியில் (மாநிலத்துக்குள் நடக்கும் முதல் கட்டப் போட்டி) ஒவ்வொரு அணிக்கும் 12 தகுதி ஆட்டம், 40 அணி வந்தால் இரண்டு நாளில் 80 ஆட்டம் நடக்கும். அவ்வளவையும் ஆறு பேரே உட்கார்ந்து பார்த்தால் மதியத்துக்குள் கண் சொருகிவிடும், முறை மாற்ற இன்னொரு ஆறு பேர் வேண்டும். அவர்கள் எடுத்த குறிப்பைச் சேர்த்துப் பார்க்க இரண்டு பேர். ஆக 14 பிள்ளைகளுக்கு இங்கேயே வேலை வந்துவிட்டது. இது ஒப்புக்குக் கொடுக்கும் வேலை இல்லை. நீங்கள் முதல் எட்டு இடத்துக்குள் வந்து கூட்டணிக்குக் கேப்டனாகிவிட்டால் மேடையில் நின்று யாரைக் கூப்பிடுவது என்று சில நொடிகளில் சொல்ல வேண்டும். அப்போது உங்கள் மாணவர் கையில் இருக்கும் அந்தப் பட்டியல்தான் பேசும். நாங்கள் ஒரு வருடம் 31ஆவது இடத்தில் இருந்த அணியைக் கூப்பிட்டோம், அரங்கத்தில் யாருக்கும் புரியவில்லை, ஆனால் அவர்களுடைய ரோபோ பழுதாகி நின்ற மூன்று ஆட்டங்களைத் தவிர மற்றதிலெல்லாம் நன்றாக ஆடியது என்று எங்கள் 9ஆம் வகுப்புப் பையன் எழுதி வைத்திருந்தான். அந்த அணியோடுதான் இறுதி ஆட்டம் வரை போனோம்.

அடுத்தது, போன வருட ரோபோவை அலமாரியிலிருந்து இறக்குங்கள். அக்டோபர், நவம்பர் முழுக்க அது புதியவர்களுடையது, பழைய பிள்ளைகள் யாரும் தொடக்கூடாது. முழுக்கப் பிரித்து மறுபடி பூட்டட்டும். தப்பாகப் பூட்டட்டும், பரவாயில்லை.

பில்ட் சீசனை, அதாவது கிக்காஃபுக்குப் பிறகு ரோபோ கட்டும் காலத்தை, பற்றியும் சொல்ல வேண்டும். 2019 வரை ஆறு வாரம் முடிந்ததும் ரோபோவைப் பையில் போட்டு முத்திரை வைத்துவிடுவோம். 2020இலிருந்து அந்த விதி இல்லை, போட்டி வரை வேலை செய்துகொண்டே இருக்கலாம். அதனால் தினமும் எல்லோரும் வர வேண்டும் என்ற பழக்கம் வந்துவிட்டது, சின்ன அறையில் 43 பேர் நெரிசல்தான். செவ்வாய், வியாழன் ஒரு குழு, திங்கள், புதன் இன்னொரு குழு, சனிக்கிழமை மட்டும் எல்லோரும் என்று பிரித்துப் பாருங்கள். மிச்சிகனில் 2009இல் மாவட்ட முறை வந்ததிலிருந்து ஒரே கட்டணத்தில் இரண்டு போட்டி ஆடுகிறோம் அல்லவா, முதல் போட்டிக்கு ஒரு பிட் குழு (போட்டி இடத்தில் ரோபோவைப் பழுது பார்ப்பவர்கள்), இரண்டாவதுக்கு வேறு குழு அனுப்பலாம். ரோபோ ஓட்டுபவர்களை மட்டும் மாற்ற வேண்டாம், அவர்களுக்குப் பழக்கம்தான் முக்கியம்.

பணம் பற்றி இப்போதே யோசியுங்கள். 43 பேருக்குச் சாப்பாடும் பஸ்ஸும் பெரிய தொகை. மாநில அரசின் மானியம் இந்த வருடம் உண்டா, உண்டென்றால் பள்ளி விண்ணப்பித்ததா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

---

முன்னாள் மாணவி:

அங்கிள், நான் இப்போது கல்லூரி இரண்டாம் வருடம், மெக்கானிக்கல். உங்களிடம் கேள்வி கேட்ட அந்தப் பெண் மாதிரிதான் நானும் இருந்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் அணியில் யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பையன்கள் ரோபோவைச் சுற்றி வட்டமாக நிற்பார்கள், நான் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெண்கள் மூன்று பேரையும் விருதுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அதை விரும்பிச் செய்த தோழியும் இருந்தாள், எனக்கோ வயரிங் கற்க வேண்டும் என்று ஆசை. யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு சீனியர் அக்கா என் கையில் கிரிம்பிங் கருவியை (வயர் முனையில் கனெக்டரை நசுக்கிப் பொருத்தும் கருவி) கொடுத்து, பழைய வயர்த் துண்டுகளையும் கொடுத்து, 30 போடு, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார், கழன்றால் திரும்பப் போடு என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தன் கையால் ஒன்றுகூடப் போட்டுக் காட்டவில்லை. முதல் 20 கழன்று வந்தது. மார்ச்சில் ஆட்டத்தின் நடுவே எங்கள் ரோபோ செத்து நின்றது, எல்லோரும் புரோகிராமில்தான் தப்பு என்று லேப்டாப்பைத் திறந்தார்கள். நான் பேட்டரி கனெக்டரை இழுத்துப் பார்த்தேன், ஒரு வயர் கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து பிட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அதனால் நான் சொல்வது, ஒவ்வொரு பழைய மாணவருக்கும் இரண்டு புதியவரைக் கொடுங்கள், முதல் அரை மணி நேரம் கருவி புதியவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். அப்புறம் அந்தப் பெண்ணிடம் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று நீங்களே கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள் அங்கிள்.

---

தையல் அம்மா:

எனக்கு ரோபோ பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் மகள் அணிக்கு மூன்று வருடமாக பம்பர் (ரோபோ இடிபடாமல் இருக்கச் சுற்றிப் போடும் மெத்தை) நான்தான் தைத்துக் கொடுக்கிறேன். ஒட்டுப்பலகை மேல் நீச்சல் குளத்தில் மிதக்கப் பிடித்துக்கொள்வார்களே அந்த நுரைக்குழாயை வைத்து மேலே துணி இழுத்துக் கட்ட வேண்டும். பிள்ளைகளுக்கே தைக்கச் சொல்லிக் கொடுத்தேன், இப்போது ஐந்து பேர் மிஷின் ஓட்டுகிறார்கள். உங்கள் அணி அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள் தம்பி, யாரும் கூப்பிடாததால்தான் பலர் வருவதில்லை.

---

டெட்ராய்ட் அப்பா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று அந்தப் பெண்ணிடம் பேசினேன். அவளுக்குப் புரோகிராமிங் வேண்டுமாம், வீட்டில் தானாகவே ஜாவா படித்துக்கொண்டிருக்கிறாள், நாலு வாரம் நாங்கள் கேட்கவே இல்லை. பழைய ரோபோவின் புரோகிராமை அவளுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறோம். தேர்வு வேண்டாம் என்று மற்ற மென்டர்களும் ஒத்துக்கொண்டார்கள், ஒருவருக்கு இன்னும் அரை மனசுதான். சனிக்கிழமை பழைய ரோபோவை இறக்குகிறோம்.

அக்கா, ஒரு சந்தேகம். பம்பருக்கு எந்தத் துணி வாங்க வேண்டும்? போன வருடம் வாங்கியது இரண்டாவது நாளே கிழிந்துவிட்டது.

---

தையல் அம்மா:

பருத்தி வேண்டாம், தாங்காது. முதுகுப்பைக்குப் போடும் கெட்டி நைலான் துணி, கார்டுரா என்று கேளுங்கள். சிவப்பு, நீலம் இரண்டும் வேண்டும், ஆட்டத்துக்கு ஆட்டம் நிறம் மாறும். மூலையில் இரண்டு மடிப்பு போட்டுத் தையுங்கள், முதலில் கிழிவது அங்கேதான். அணி எண்ணை வெள்ளையில் ஒட்டுவதற்கு முன்னால் துணியை நன்றாக இழுத்துக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எண் கோணிக்கொள்ளும்.