ஃபுட்சாலுக்குத் தமிழ்ச்சொல்: ‘கூடத்துக் கால்பந்து’

நண்பர்களுக்கு வணக்கம்.

கூடத்துக்குள் அணிக்கு ஐவராக ஆடும் கால்பந்து வகையான ஃபுட்சாலுக்கு ‘ஐவர் கால்பந்து’, ‘உள்ளரங்கக் கால்பந்து’ என்னும் இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் எளிதில் விளங்குபவை. ஆயினும் வேறு ஆட்டங்களையும் குறித்துவிடும் என்பதால் ஏற்கத் தயங்குகிறேன். பார்வையற்றோர் ஆடும் பாராலிம்பிக் கால்பந்திலும் அணிக்கு ஐவர்தாம். வட அமெரிக்க உள்ளரங்கக் கால்பந்தில் களத்தைச் சுற்றித் தடுப்புச்சுவர் உண்டு. அதில் பட்டுத் திரும்பும் பந்தை நிறுத்தாமல் ஆடலாம். ஃபுட்சாலிலோ கோடுதான் எல்லை. பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் எறியாமல், நான்கு நொடிக்குள் காலால் உதைத்தே உள்ளே அனுப்ப வேண்டும்.

இதன் பிறப்பையும் கருதவேண்டும். உருகுவேயின் தலைநகர் மொண்டெவிடேயோவில், ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி, கூடைப்பந்துக் களத்துக்குள் கால்பந்தை ஆடும் வழியை 1930இல் உருவாக்கினார். ஐவர் அணியையும் ஆட்ட நேரத்தையும் கூடைப்பந்திலிருந்தும், மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்ட கோல் கம்பத்தை ஹேண்ட்பாலிலிருந்தும், கோல்காப்பாளர் விதிகளை வாட்டர் போலோவிலிருந்தும் எடுத்துக்கொண்டார். ஸ்பானியம், போர்த்துக்கீசியம் இரண்டிலும் இவ்வாட்டத்தின் பெயர் ‘கூடத்தில் ஆடும் கால்பந்து’ என்றே பொருள்படும். அவற்றின் சுருக்கமே ஃபுட்சால்.

ஆகவே ‘கூடம்’ என்பதையே அடியாகக் கொள்ளலாம். ‘கூடப்பந்து’ என்றால் கூடைப்பந்தோடு ஓரெழுத்தே வேறுபட்டு, செய்தித்தாள்களில் ஓயாத குழப்பம் நேரும். ‘கூடக் கால்பந்து’ என்றால், ‘அவர் கூடக் கால்பந்து ஆடுவார்’ என்ற தொடர் இருபொருள் தரும். அத்துச்சாரியை சேர்த்துக் ‘கூடத்துக் கால்பந்து’ என்றால் இவ்விரு இடர்களும் நீங்குகின்றன.

விதிகளில் கலைச்சொல் மிகவும் தேவைப்படுவது தவறுகளின் கணக்குக்குத்தான். நேரடித் தனியுதைக்குரிய (டைரக்ட் ஃப்ரீ கிக்) தவறுகளை ஒவ்வொரு பாதியிலும் அணிவாரியாக எண்ணி வருகிறார்கள். ஆறாவது தவறிலிருந்து, ஆட்டக்காரர்கள் தடுப்பு வரிசையாக நின்று மறிக்க முடியாத உதை வாய்ப்பு எதிரணிக்குக் கிடைக்கிறது. அவ்வுதையைக் கோலிலிருந்து பத்து மீட்டர் தொலைவிலுள்ள புள்ளியிலிருந்து எடுக்கலாம். நெருக்கமான களத்தில் முரட்டு ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் உயிர்நாடியான விதி இது. இவ்வாறு எண்ணப்படும் தவறுகளுக்குக் ‘குவிதவறு’ என்னும் வினைத்தொகையைப் பரிந்துரைக்கிறேன்: குவிந்தவை, குவிகின்றவை, குவியப்போகின்றவை ஆகிய மூன்றையும் அது தாங்கும்.

ஆட்டத்தை நிறுத்தாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளும் முறைக்கு ‘ஓட்டமாற்று’ பொருந்துமா என்பதைப் பயிற்சியாளர்களாக உள்ள நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.