டெப்ரிகேட்டட்: ‘நீக்கப்பட்டது’ வேண்டாம், ‘நீங்குமுகம்’ சரிவருமா?

வணக்கம். மென்பொருளில் ஒரு வசதி இன்னும் வேலை செய்யும், ஆனால் இனி பயன்படுத்த வேண்டாம் என்று அதை உருவாக்குபவர்கள் அறிவித்துவிட்டால், அதை ‘டெப்ரிகேட்டட்’ (deprecated) என்பார்கள். அதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘நீக்கப்பட்டது’ என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். நான் தன்னார்வலராக ஆவணம் எழுதித் தரும் ஒரு கட்டற்ற மென்பொருளில், போன பதிப்பின்போது இதே சொல்லைத்தான் போட்டேன். மறுநாளே ஒருவர் வழு (பிழைப் புகார்) பதிந்துவிட்டார்: “நீக்கப்பட்டது என்கிறீர்கள், என் கணினியில் ஓடுகிறதே?” நிரலில் ஒன்றும் இல்லை, வழு என் சொல்லில்.

பைத்தான் நிரல்மொழியோடு வந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற தொகுப்பையே பாருங்கள். 2021இல் வந்த 3.10 பதிப்பில் டெப்ரிகேட்டட் ஆனது. எடுத்தே விட்டது 2023இல், 3.12 பதிப்பில். நடுவே இரண்டு ஆண்டுகள் அது பாட்டுக்கு வேலை செய்தது. கூடவே ஓர் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். நமக்குச் சொல் தேவைப்படுவது அந்த இரண்டு ஆண்டுகளுக்கு. ‘நீக்கப்பட்டது’ என்பதை 3.10இலேயே செலவழித்துவிட்டால் 3.12 வரும்போது என்ன எழுதுவது?

> அப்படியானால் ‘காலாவதியானது’?

மருந்து அட்டைதான் நினைவுக்கு வருகிறது. காலாவதிக்கு ஒரு தேதி உண்டு, அன்றோடு சரி. இணையப் பக்கத்தில் எழுத்தின் நிறத்தையும் அளவையும் மாற்றும் ஃபான்ட் டேகை இனி தவிர்க்கச் சொன்னது 1997இல், இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் 4ஆம் பதிப்பில். உலாவிகள் இன்றும் அதை மதித்து எழுத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ‘வழக்கொழிந்தது’ என்பதும் ஒத்துவராது. யாருமே பயன்படுத்தாததற்கு நாம் ஏன் உட்கார்ந்து எச்சரிக்கை எழுதப்போகிறோம்? (‘கழிநிலை’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். பொருள் நெருங்கி வருகிறது, வாடைதான் இடிக்கிறது.)

என் பரிந்துரை: நீங்குமுகம்.

ஏறுமுகம், இறங்குமுகம் என்று நாம் தினமும் சொல்வதுதான். விலை இறங்குமுகம் என்றால் அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. திசை தெரிகிறது, போய்ச் சேர்ந்ததா என்பது தெரிவதில்லை. இங்கே வேண்டியதும் அதுவே. ‘நீக்கப்பட்ட’ இறந்தகாலத்தில் மாட்டிக்கொள்கிறது, ‘நீக்கப்படும்’ எதிர்காலத்துக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறது. ‘நீங்குமுகம்’ வினைத்தொகை, எந்தக் காலத்திலும் சிக்காது. டெப்ரிகேட்டட் ஆனதெல்லாம் கட்டாயம் போய்விடும் என்றும் இல்லையே. ‘இதை நிச்சயம் எடுக்கப்போகிறோம்’ என்று சொல்வதற்கென்றே 2017இல் ஜாவா நிரல்மொழியின் 9ஆம் பதிப்பு தனிக் குறிப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது.

ஆவணத்தில் வைத்துப் பார்த்தேன்:

“பழைய ஏற்றுமதிக் கட்டளை 4.2 பதிப்பிலிருந்து நீங்குமுகத்தில் உள்ளது. புதிய நிரல்களில் ‘சேமி’ கட்டளையைப் பயன்படுத்துங்கள்.”

> ‘பயன்படுத்தாதே’ என்ற பொருள் சொல்லிலேயே இல்லையே?

இல்லைதான். அதை ஒற்றைச் சொல்லின் தலையில் கட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். மாற்று எது என்று சொல்லாமல் எழுதும் டெப்ரிகேட்டட் குறிப்பு எந்த மொழியிலும் அரைகுறைதான். இரண்டாவது வாக்கியம் எப்படியும் வந்தாக வேண்டும்.

பக்கத் தலைப்பில் சின்ன முத்திரையாகவும் ‘நீங்குமுகம்’ நன்றாகவே உட்காருகிறது. இடிப்பது வினை வடிவம்தான். ‘நீங்குமுகமாக்கினோம்’ வாயில் நுழையவில்லை. ‘நீங்குமுகத்தில் வைத்தோம்’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன், அதுவும் முழுத் திருப்தி இல்லை. அடுத்த பதிப்பின் மாற்றக் குறிப்புகளை இந்த வார இறுதியில் அனுப்ப வேண்டும். வினைக்கு இதைவிட நல்லதாக ஏதாவது தோன்றினால் அதற்குள் சொல்லுங்கள்.