கிக் செய்தவர் உடனே திரும்பி வருகிறார்: ஐஆர்சி (எழுத்து அரட்டை) சேனலுக்கு எந்தக் கட்டளைகள் வேண்டும்?

மணற்கடிகை:
லிபெரா சாட் என்ற ஐஆர்சி நெட்வொர்க்கில் புதுச் சேனல் (அரட்டை அறை), சுமார் 40 பேர். தொந்தரவு செய்பவரை /கிக் போட்டால் அடுத்த நொடியே வந்துவிடுகிறார். நிக், அதாவது அரட்டைப் பெயருக்குத் தடை போட்டேன், பெயரை மாற்றிக்கொண்டு வந்தார். சரியான வரிசை என்ன?

கூகைக்குழல்:
கிக் வெளியே தள்ளும், கதவைப் பூட்டாது. பல கிளையண்டுகள் (ஐஆர்சி செயலிகள்) தாமாகவே மறுபடி நுழையும். தடை மட்டும் போட்டாலோ ஆள் உள்ளேயே இருப்பார், பேசத்தான் முடியாது. வாய்ஸ் (பேசத் தரும் தனி அனுமதி) இருந்தால் பேசவும் முடியும், அதனால் அதை நீக்க -வி போட்டுவிடுங்கள். முதலில் தடை, பிறகு கிக்.

தடையின் வடிவம் நிக்!யூசர்@ஹோஸ்ட். ஹோஸ்ட் என்பது அவர் இணையும் இடத்தின் முகவரி; * என்றால் எதுவானாலும் சரி. முதல் இரண்டையும் நொடியில் மாற்றலாம் என்பதால் ஹோஸ்டைப் பிடியுங்கள். /ஹூஇஸ் போட்டு ஹோஸ்டைப் பார்த்துவிட்டு:

/மோட் #சேனல் +பி *!*@ஹோஸ்ட்
/கிக் #சேனல் நிக் :காரணம்

(தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து.) கணக்கில் உள்நுழைந்தவர் என்றால் ஹோஸ்டை விட +பி $ஏ:கணக்குப்பெயர் உறுதியானது. பட்டியலைப் பார்க்க, பெயர் எதுவும் தராமல் /மோட் #சேனல் +பி. நீக்கும்போது பட்டியலில் உள்ள வடிவத்தையே -பி-க்குத் தர வேண்டும்.

வெப் வழியாக வருபவரிடம் கவனம். பலருக்கும் ஒரே ஹோஸ்ட் இருந்தால், ஒருவருக்குப் போட்ட தடை எல்லோரையும் வெளியே நிறுத்தும்.

ஒற்றைத்திரி:
எல்லாவற்றுக்கும் தடை தேவையில்லை. லிபெராவில் +க்யூ *!*@ஹோஸ்ட் போட்டால் ஆள் உள்ளே இருந்து படிக்கலாம், எழுத முடியாது. சூடு தணிந்ததும் -க்யூ. வாக்குவாதம் முற்றும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் இதே பழக்கத்தோடு வேறு நெட்வொர்க்குக்குப் போகாதீர்கள். அன்ரியல் ஐஆர்சிடி என்ற சர்வர் மென்பொருள் ஓடும் இடங்களில் +க்யூ என்றால் சேனல் உரிமையாளர். நீங்களே உரிமையாளராக இருந்து, பின்னால் நிக் பெயரைத் தட்டினால், வாயை அடைக்கப்போய் சேனலையே எழுதிக் கொடுத்த கதைதான். இணைந்தவுடன் சர்வர் அனுப்பும் 005 வரியில் ப்ரிஃபிக்ஸ் பகுதியில் க்யூ இருந்தால் அது பதவி, மௌனம் அல்ல.

வலைப்பின்னி:
பாட் (தானியங்கி நிரல்) கூட்டம் வரும்போது ஒவ்வொன்றாகத் தடை போடுவது வீண். லிபெராவில் /மோட் #சேனல் +ஆர் போட்டால் பதிவுசெய்த கணக்கு இல்லாதவர் நுழைய முடியாது. ஏற்கெனவே உள்ளே வந்தவற்றுக்கு +எம்: வாய்ஸோ ஆப்போ (சேனல் நிர்வாகி அதிகாரம்) இல்லாத எவரும் பேச முடியாது. வழக்கமாகப் பேசுபவர்களுக்கு முன்கூட்டியே +விவிவிவி போட்டு நான்கு பெயர்களைத் தாருங்கள். லிபெராவில் ஒரு வரிக்கு 4 தான். அமைதியானதும் -ஆர்எம் போட மறந்தால், புதியவர்கள் ஏன் வரவில்லை என்று ஒரு வாரம் யோசிப்பீர்கள்.

மணற்கடிகை:
நன்றி. +ஆர் போட்டுப் பார்த்தேன், 482 என்று பிழை வருகிறது.

கூகைக்குழல்:
அப்போது நீங்கள் ஆப் நிலையில் இல்லை. சேனலைப் பதிவுசெய்திருந்தால், சான்செர்வ் என்ற சேனல் சேவையிடம் கேளுங்கள்: /எம்எஸ்ஜி சான்செர்வ் ஆப் #சேனல். உதவியாளருக்கு: /எம்எஸ்ஜி சான்செர்வ் ஃபிளாக்ஸ் #சேனல் கணக்கு +ஓ. சிற்றெழுத்து ஓ என்றால் தேவைப்படும்போது ஆப் எடுத்துக்கொள்ளலாம்; பேரெழுத்து என்றால் நுழைந்தவுடனேயே தானாக விழும். சிற்றெழுத்தே போதும்.