ஞாயிறு வகுப்புக்கு ஒரு சொல்: ஓடா, பாத்தியா, கட்டமா?

அல்சூர், வியாழன் இரவு

அவரவர் பேட்டைப் பெயரில் எழுதும் நம் பெங்களூர்க் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். ஞாயிறு காலை 10 மணிக்கு, படம் திருத்தும் மென்பொருளான கிம்ப் பற்றி வகுப்பு. சனிக்கிழமை மாலைக்குள் கையேட்டை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வகுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் போட்டோ ஸ்டூடியோக்காரர்கள். தமிழ் நன்றாக வாசிப்பார்கள். ஆங்கில மெனுவை இடத்தை வைத்து அடையாளம் கண்டு பழகியவர்கள். அவர்களில் ஒருவர் எஸ்.பி. ரோட்டில் மெமரி வாங்கி 8 ஜிபியை 16 ஆக்கியிருக்கிறார். அப்படியும் கிம்ப்பில் பழைய கல்யாணப் படத்தைத் திறந்து நாலைந்து லேயர் போட்டதும் வட்டு விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. ஒரு டம்ளர் டீ ஆறும்வரை தூரிகை நகர்வதில்லை. மெமரி விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று அவருக்குக் கோபம். விற்றவர்மேல் பிழையில்லை. எப்போதோ யாரோ 2 ஜிபி என்று எழுதி வைத்த எண் அப்படியே இருக்கிறது. எடிட், பிரிஃபரன்ஸஸ், சிஸ்டம் ரிசோர்சஸ் என்று போனால் 'டைல் கேஷ் சைஸ்' என ஒரு பெட்டி. எண்ணை ஏற்றினேன், விளக்கு அடங்கிவிட்டது.

அந்தப் பெட்டிக்குத்தான் தமிழ் வேண்டும். டைலுக்கு ஓடு, கேஷுக்கு இடைமாற்று என்று வைத்து 'ஓடு இடைமாற்று அளவு' என்று எழுதிப் பார்த்தேன். என் மகன் வாசித்துவிட்டு, "எங்கே ஓட வேண்டும்?" என்று கேட்டான்.

ஒயிட்ஃபீல்டு

அக்கா, சொல் வைப்பதற்கு முன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் குழு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கிம்ப் ஒரு படத்தை முழுதாகத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டிக்கொள்கிறது, அவைதான் டைல். நீங்கள் கொடுத்த வரம்பு வரை அந்தச் சதுரங்கள் மெமரியில் இருக்கும், அந்த இடம்தான் கேஷ். மிஞ்சியவை வட்டில் உள்ள ஸ்வாப் கோப்புக்குப் போகும். வட்டு மெதுவானது, அதனால்தான் டீ ஆறுகிறது.

கணக்கும் எளிது. 6000க்கு 4000 என்றால் 2.4 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் வைத்தால் ஒரு லேயருக்கு 96 மெகாபைட். 32 பிட் துல்லியத்துக்கு மாற்றினால் புள்ளிக்கு 16 பைட், லேயருக்கு 384 மெகாபைட். பத்து லேயர் போட்டாலே 3.8 ஜிபி. செய்ததைப் பின்வாங்கும் (அன்டூ) வரலாறு தனி. இதற்கு 2 ஜிபி வரம்பு எந்த மூலைக்கு?

16 இருக்கிறதே என்று 16ஐயும் எழுதிவிட வேண்டாம் என்பதையும் கையேட்டில் சேருங்கள். இயங்குதளத்துக்கும் பிரவுசருக்கும் இடம் வேண்டும். எல்லாவற்றையும் கிம்ப்புக்கே கொடுத்தால் இயங்குதளம் தானே வட்டுக்கு ஓடும், முன்பைவிட மோசமாகும். 8 அல்லது 10 போதும். யாரிடமாவது பழைய 32 பிட் இயங்குதளம் இருந்தால் எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. மெமரியைச் சுட்டும் முகவரி 4 ஜிபியோடு தீர்ந்துவிடும்.

ஜாலஹள்ளி

அம்மா, உங்கள் மகன் கேட்டது இலக்கணக் கேள்வி. 'ஓடு இடைமாற்று' என்று பிரித்துப் போட்டால் ஏவலாகத்தான் படும். சேர்த்து எழுதினால் வினைத்தொகையாகிவிடும். கூரை ஓடு என்றால் டகரம் இரட்ட வேண்டும். 'நெடிலோடு உயிர்த்தொடர்க் குற்றுகரங்களுள் டறஒற்று இரட்டும்' என்று நன்னூல் சொல்கிறது. ஆட்டுப்பால், ஓட்டுவீடு. ஆகவே 'ஓட்டு இடைமாற்று'.

மல்லேஸ்வரம்

ஓட்டு இடைமாற்று! ஐயா, அதைப் படிக்கிறவர்கள் தேர்தல் முறைகேடு என்றல்லவா நினைப்பார்கள்? ஓடு என்றால் ஓட்டம், ஓட்டு என்றால் வாக்கு. இரட்டினாலும் வம்பு, இரட்டாவிட்டாலும் வம்பு. கேஷ் என்று அப்படியே எழுதினால் கல்லாப்பெட்டி என்பார்கள். 'பதுக்கு நினைவகம்' என்றால் ரேஷன் அரிசி நினைவுக்கு வருகிறது. நினைவகம் மட்டும் என்ன வாழ்ந்தது? முதல்முறை கேட்ட என் மாமியார், யாருடைய நினைவகம் என்று விசாரித்தார்.

ஜாலஹள்ளி

'பதுக்கு' பொருத்தமில்லாத சொல் அன்று. கேஷ் என்பதன் பிரெஞ்சு மூலத்துக்கு ஒளித்து வைத்தல் என்றுதான் பொருள். காசு என்ற நம் சொல்லிலிருந்தே வந்தது என்பாரும் உண்டு; அது பிழை. காசு போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்தில் நாணயப் பெயராக நுழைந்தது வேறு கதை. அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

ஆனால் டைலுக்கு ஓடு வேண்டாம் என்பதில் மல்லேஸ்வரம் அம்மாவோடு உடன்படுகிறேன். என் முன்மொழிவு: பாத்தி. பகு என்னும் அடியிலிருந்து வந்தது, பகுக்கப்பட்டது பாத்தி. குறளில் 'பாத்தூண்' என்பதும் பகுத்துண்பதே. படம் ஒரு தோட்டம், சதுரங்கள் பாத்திகள். 'வளர்வதன் பாத்தியுள் நீர்சொரிந் தற்று' என்று 718ஆம் குறளில் வள்ளுவரே வரப்புக் கட்டித் தந்திருக்கிறார். எல்லாப் பாத்திக்கும் ஒரே நேரத்தில் நீர் பாய்வதில்லை. வேலை நடக்கும் பாத்திக்குத்தான் மடை திறக்கிறோம். கிம்ப் செய்வதும் அதுதானே?

இன்னொன்று. என் வீட்டு உரிமையாளர் கன்னடர். அவர்கள் கூரை ஓட்டையும் ஹஞ்சு என்கிறார்கள், பகிர்ந்து கொடுப்பதையும் ஹஞ்சு என்கிறார்கள். நம் பகரம் அங்கே ஹகரமாகும்: பால் ஹாலு, பள்ளி ஹள்ளி. ஹஞ்சு பழைய பஞ்சு. ஓடும் பகிர்வும் ஒரே வேர் என்றால் டைல் என்பதே பாத்திதான்!

ஒயிட்ஃபீல்டு

ஒலி ஒன்றானால் வேர் ஒன்றாகிவிடுமா ஐயா? நம்மிடம் மாலை பூவாகவும் இருக்கிறது, பொழுதாகவும் இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

அல்சூர், வெள்ளி இரவு

பாத்தி எனக்குப் பிடித்திருக்கிறது. மடை உவமையை வகுப்பில் சொல்லப் போகிறேன். ஆனால் என் மாணவர்களில் பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள், பாத்தியைப் பார்த்திருக்கமாட்டார்கள். திருத்தம் பார்க்காத கையேட்டில் 'பாதி' என்று அச்சாகும் ஆபத்தும் உண்டு. 'ஒளித்து வைத்தல்' என்பதும் உறுத்துகிறது. நான் ஏரிக்கரைக்காரி. இங்கே வள்ளுவர் சிலையை 1991இலிருந்து 18 ஆண்டுகள் மூடி வைத்திருந்து 2009இல்தான் திறந்தார்கள். ஒளித்து வைத்தால் கைக்கு வராது. கேஷ் கைக்கு உடனே வரவேண்டிய பொருள்.

மல்லேஸ்வரம்

அப்படியானால் அடுப்படியைப் பாருங்கள். மூட்டைச் சரக்கு பரணில். கடுகும் சீரகமும் மஞ்சளும் அடுப்புக்குப் பக்கத்தில் அஞ்சறைப் பெட்டியில். தாளிக்கும்போது பரணுக்கு ஏணி போட்டால் எண்ணெய் கருகிவிடும். வட்டு பரண், டைல் கேஷ் அஞ்சறைப் பெட்டி. அதிலும் உள்ளே சின்னச் சின்ன அறைகள்! பெட்டியைப் பெரிதாக்கு என்றால் எந்த ஸ்டூடியோக்காரருக்குப் புரியாது?

ஜாலஹள்ளி

அஞ்சறை என்பது ஐந்தறையின் போலி. 8 ஜிபியில் ஐந்து அறையா இருக்கிறது? உவமை வேறு, கலைச்சொல் வேறு. வகுப்பில் கதையாகச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் எழுதாதீர்கள்.

ஒயிட்ஃபீல்டு

சனிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. டைலுக்குக் 'கட்டம்', கேஷுக்குத் 'தேக்கம்' என்று வைத்து முடித்துக்கொள்வோமா? சதுரங்கத்திலும் ஜாதகத்திலும் கட்டம் பார்க்காதவர் இல்லை. நீரைத் தேக்குவது ஜாலஹள்ளி ஐயாவின் மடைக்கும் ஒத்துப்போகும்.

ஜாலஹள்ளி

கட்டம் என்றால் கஷ்டம் என்றும் பொருள் உண்டு என்பதை மறந்துவிட்டீர்கள். தேக்கம் என்றாலோ வளர்ச்சி நின்றுபோவது. கஷ்டமும் மந்தமும் சேர்ந்த ஒரு பெட்டியின் அளவை ஏன் கூட்டுகிறோம் என்று மாணவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? பரவாயில்லை, எழுதுவதானால் 'கட்டத்தேக்கம்' என்று ஒட்டி எழுதுங்கள். மவ்வீறு ஒற்றழிந்து வல்லினம் மிகும். தகரத்தை விட்டுவிடாதீர்கள்.

மல்லேஸ்வரம்

கட்டத்தேக்கத்துக்கு என் வாக்கு. அரை மனது.

அல்சூர், ஞாயிறு மாலை

'கட்டத்தேக்க அளவு' என்றே அச்சடித்தேன், தகரத்தோடு. வகுப்பில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பரண் கதையைச் சொன்னதும் 16 ஜிபிக்காரர் எழுந்து, "அப்படியானால் என் அஞ்சறையை எட்டாக்கிக்கொள்கிறேன்" என்றார். அதன்பிறகு எல்லோருக்கும் அது அஞ்சறைதான். கையேட்டை மாற்றுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு ஸ்வாப்.

ஜாலஹள்ளி

வகுப்பில் நிலைத்ததற்கு மகிழ்ச்சி. குழுவின் சொல்தொகுப்பில் மட்டும் கட்டத்தேக்கத்துக்கு எதிரே என் பெயரில் 'பாத்தி' என்று மாற்றுச் சொல்லாகச் சேர்த்துவிடுங்கள். ஸ்வாப்புக்குப் பண்டமாற்று என்று யாரும் தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: 'மாறு' என்ற வேருக்கு ஆறு பொருள் இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.