60 வோல்ட் லெட் ஆசிட் வண்டி: பேட்டரி மட்டும் மாற்றவா, வண்டியையே மாற்றவா? பட்ஜெட் 70,000

கொள்ளிடக்கரை:
5 வருஷமான லோ-ஸ்பீடு பேட்டரி ஸ்கூட்டர். 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே இருக்கும்), 12 வோல்ட் 28 ஏ.எச். (ஆம்பியர் அவர், கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரி 5. இது இரண்டாவது செட், 20 மாசம் ஆகுது. ஃபுல் சார்ஜில் 45 கி.மீ. போனது இப்போ 16 கி.மீ. தாண்டலை. வண்டி விற்ற கடை மூடியாச்சு. ஃபிரேம், பிரேக் எல்லாம் நல்லாவே இருக்கு.

தேவை: ஸ்ரீரங்கம் – பாலக்கரை போய் வர, ஸ்கூல், கடை எல்லாம் சேர்த்து தினம் 22 கி.மீ. காவிரிப் பாலம், ஒரு ரயில்வே மேம்பாலம் ஏறணும். பாதி நேரம் பின்னாடி ஆள் இருக்கும். ஓட்டுவது மனைவி; லைசென்ஸ் இல்லை, எடுக்கத் தயார். வீடு இரண்டாவது மாடி, கீழே பிளக் கிடையாது.

உள்ளூர் மெக்கானிக் புது லெட் ஆசிட் செட்டுக்கு 16,000 சொல்றார். லித்தியம் போட்டால் 29,000. இல்லை, இதைத் தள்ளிவிட்டு வேற வண்டி பார்க்கலாமா?

ஐந்தாவது_பேட்டரி:
முதல்ல அஞ்சும் போச்சா, ஒண்ணு மட்டும் போச்சான்னு பாருங்க சார். அஞ்சும் சீரிஸ்ல, ஒண்ணோட ஒண்ணு சங்கிலி மாதிரி இருக்கறதால ஒண்ணு படுத்தா மொத்த வண்டியும் படுக்கும்.

ஃபுல் சார்ஜ் பண்ணி ரெண்டு மணி நேரம் விட்டு ஒவ்வொண்ணையும் மல்டிமீட்டர்ல பாருங்க. எல்லாம் 12.8 பக்கத்துல காட்டும், அதை நம்பிடாதீங்க. வண்டியை ஓட்டி, வேகம் விழுந்து கட் ஆகுற இடத்துல நிறுத்தி, ஹெட்லைட்டை எரியவிட்டு ரெண்டு நிமிஷத்துக்குள்ள திரும்ப அளக்கணும். லேட் பண்ணா வோல்ட் மேல ஏறி ஏமாத்திடும். நாலு 11.5-க்கு மேல இருந்து ஒண்ணு 10-க்குக் கீழ இருந்தா அதுதான் ஆளு.

ஸ்பேனர் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுத்திட்டுத் தொடுங்க. 60 வோல்ட் பேங்க்ல ஸ்பேனர் குறுக்க விழுந்தா வெல்டிங்தான். முதல்ல வண்டியோட எம்.சி.பி.யை (மெயின் சுவிட்ச்) ஆஃப் பண்ணுங்க.

அப்படியே டெர்மினல் நட்டு, பேட்டரி பெட்டியோட பெரிய கனெக்டர் ரெண்டையும் பாருங்க. கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தா அங்கயே வோல்ட் விழுது. புது பேட்டரி போட்டாலும் மேம்பாலத்துல கட் ஆகும்.

வாட்_கணக்கு:
எந்த பிராண்ட், எந்த வண்டி என்று பார்க்கும் முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். ஒற்றை ஆளுடன் சமதளத்தில் இந்த வகை வண்டி கிலோமீட்டருக்கு 25 முதல் 28 வாட் அவர் (வோல்ட்டையும் ஏ.எச்.சையும் பெருக்கினால் வரும் மின்சார அளவு) தின்னும். இரண்டு பேர், மேம்பாலம், நின்று நின்று போகும் டிராஃபிக் என்றால் 35 வைத்துக்கொள்வது நல்லது. 22 கி.மீ.க்கு 770 வாட் அவர்.

உங்கள் லெட் ஆசிட் செட் காகிதத்தில் 60 × 28 = 1,680. ஆனால் லெட் ஆசிட்டில் கரன்ட்டை வேகமாக உறிஞ்சினால் முழுக் கொள்ளளவு கிடைக்காது. புதுசாக இருக்கும்போதே 1,200 – 1,300தான் கைக்கு வரும். அதில் 770-ஐத் தினமும் எடுத்தால் ஆழமான டிஸ்சார்ஜ். பேட்டரி ஒன்றரை, இரண்டு வருஷத்தில் படுப்பதற்கு இதுதான் காரணம். 16,000 போட்டு அதே செட்டை வாங்கினால் 20 மாசம் கழித்து இதே கேள்வியோடு வருவீர்கள். பெட்டியில் கிராஃபீன் என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது லெட் ஆசிட்தான், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொரு லோ-ஸ்பீடு வண்டி புதுசாக வாங்குவதை நான் சொல்லமாட்டேன். சட்டப்படி 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ.க்கும் உட்பட்டு, பேட்டரி இல்லாமல் 60 கிலோவைத் தாண்டாமல் இருந்தால்தான் ரெஜிஸ்ட்ரேஷனும் லைசென்ஸும் வேண்டாம். 250 வாட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறினால் பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தே கொல்லும். கடைக்காரர் ‘ஒரு ஒயரைக் கழற்றினால் 45-ல் போகும், நம்பர் பிளேட் வேண்டாம்’ என்பார். கன்ட்ரோலரில் (மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வேகக் கட்டுப்பாட்டு ஒயர் உண்டு, கழற்றினால் போகும் என்பதும் நிஜம். கழற்றிய நிமிஷத்தில் அது ரெஜிஸ்டர் செய்யாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடையாது, நஷ்டஈடு உங்கள் தலையில்.

அந்த மாதிரி வண்டிக்கு ‘மானியம் போக இந்த விலை’ என்றால் அதுவும் பொய். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியம் (2024 அக்டோபரில் கிலோவாட் அவருக்கு 5,000 என்று தொடங்கி, 2025 ஏப்ரலில் 2,500 ஆனது) ரெஜிஸ்டர் ஆகும், லித்தியம் போன்ற பேட்டரி கொண்ட வண்டிகளுக்கு மட்டும் என்றுதான் அறிவிக்கப்பட்டது.

செல்_பேலன்ஸ்:
லித்தியம் 29,000 என்றால் என்ன லித்தியம் என்று கேளுங்கள். 60 வோல்ட் என்று சொல்லி இரண்டு வேறு சாமான்கள் விற்கிறார்கள்.

எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் 20 சீரிஸ், அதாவது 20 செல் வரிசையாக: ஃபுல் சார்ஜ் 73 வோல்ட். என்.எம்.சி. (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) 16 சீரிஸ்: ஃபுல் சார்ஜ் 67.2 வோல்ட். உங்கள் பழைய லெட் ஆசிட் சார்ஜரும் 73 பக்கம் வரை ஏற்றும். அதை என்.எம்.சி. பேக்கில் சொருகினால் பி.எம்.எஸ். (பேக்கைக் காக்கும் சர்க்யூட்) ஒன்றுதான் நெருப்புக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும். எந்த பேக் வாங்கினாலும் அதற்கென்று உள்ள சார்ஜரைச் சேர்த்தே வாங்குங்கள், பழையதை வீட்டிலேயே வைக்காதீர்கள், யாராவது ஒரு நாள் மாற்றிச் சொருகுவார்கள்.

இந்த வண்டிக்கு 20 சீரிஸ் எல்.எஃப்.பி. பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லெட் ஆசிட் கன்ட்ரோலர் 52.5 வோல்ட்டில் கட் ஆகும். எல்.எஃப்.பி.யில் அது செல்லுக்கு 2.6, சரியான இடம். 30 ஏ.எச். பேக் 1,920 வாட் அவர், எடை 45 கிலோவிலிருந்து 20-க்குள் இறங்கும். பி.எம்.எஸ். தொடர்ந்து 40 ஆம்பியர் தாங்க வேண்டும். 25 போட்டுக் கொடுத்தால் பாலம் ஏறும்போது ஆஃப் ஆகும்.

பலரும் சொல்லாமல் விடுவது மீட்டர் விஷயம். எல்.எஃப்.பி. வோல்ட் கடைசி வரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். வோல்ட்டைப் பார்த்துக் கோடு காட்டும் பழைய மீட்டர் முக்கால் டேங்க் என்று காட்டிக்கொண்டே இருந்து நடுரோட்டில் நிறுத்திவிடும். ப்ளூடூத் உள்ள பி.எம்.எஸ். கேளுங்கள், போனில் சதவீதம் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து பேட்டரி இருந்த இடத்தில் சின்ன பேக் ஆடும். சுற்றிலும் ரப்பர் ஷீட் வைத்து பெல்ட் போட்டு இறுக்காவிட்டால் உரசி உரசி ஒயர் இன்சுலேஷன் போய்விடும்.

ஆனால் ஒன்று: வண்டிக்கு அனுமதி வாங்கியபோது இருந்த பேட்டரி இது இல்லை. நாளைக்குத் தீப்பிடித்தால் பொறுப்பேற்க யாரும் இருக்கமாட்டார்கள். செல் எந்தக் கம்பெனி, எந்த கிரேடு என்று பில்லில் எழுதித் தராத மெக்கானிக்கிடம் 29,000 கொடுக்காதீர்கள்.

ஆர்.சி._புக்:
70,000-க்கு என் ஓட்டு: 2 – 3 வருஷம் ஓடிய, ரெஜிஸ்டர் ஆன, 2 கிலோவாட் அவருக்கு மேல் பேட்டரி உள்ள ஸ்கூட்டர். புது 2.2 கிலோவாட் அவர் வண்டி ஆன்-ரோடில் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்தில் வண்டி விலை குறைவாகத் தெரியும். கிலோமீட்டருக்கு எவ்வளவு, மாதம் குறைந்தபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை உங்கள் மாத ஓட்டமான 660 கி.மீ.யோடு பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

பழைய வண்டியில் ஓடோமீட்டரைவிட பேட்டரி ஆரோக்கியம்தான் விலை. 500 – 800 ரூபாய்க்குக் கிடைக்கும் பிளக்-இன் எனர்ஜி மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். வண்டி 20 சதவீதத்தில் இருக்கும்போது சொருகி 100 வரை ஏற்றுங்கள். 2.2 கிலோவாட் அவர் பேக் என்றால் 80 சதவீதம் 1.76, சார்ஜரில் போகும் நஷ்டத்தைச் சேர்த்தால் சுவரிலிருந்து 2 யூனிட் இழுக்க வேண்டும். 1.5-லேயே 100 காட்டிவிட்டால் பேட்டரி முக்கால்தான் மிச்சம். விற்பவர் இதற்கு நேரம் தரமாட்டேன் என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

பேப்பரில் பார்க்க வேண்டியது: ஆர்.சி.யில் ஹைப்பாத்திகேஷன் (கடன் அடமானக் குறிப்பு) இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பேட்டரி வாரன்டி இரண்டாவது ஓனருக்கு மாறுமா என்று சேஸிஸ் நம்பரோடு சர்வீஸ் சென்டரில் நேரில் கேளுங்கள். பழைய ஓனர் தன் ஆப் கணக்கிலிருந்து வண்டியை நீக்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மேடத்துக்கு இப்போதே எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) போட்டுவிடுங்கள். 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும்; கியர் இல்லாத வகை போதும்.

இரண்டாவது மாடி என்பதால் பேட்டரியைக் கழற்றி மேலே தூக்கிப்போகும் மாடல் தேடுங்கள். எல்லா மாடலிலும் கழற்ற முடியாது. டி.வி.எஸ். ஐக்யூபில் முடியாது, ஹீரோவின் விடா வி.எக்ஸ்.2-வில் முடியும். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், படி ஏறும்போது கனம் தெரியும்.

கொள்ளிடக்கரை:
எல்லாருக்கும் நன்றி. ஓட்டி அளந்தாச்சு: 11.7, 11.6, 9.3, 11.8, 11.6. மூணாவதுதான் படுத்திருக்கு. கனெக்டர் சுத்தமா இருக்கு. அந்த ஒண்ணை மட்டும் மாற்றலாமா? அப்புறம், மாடியிலிருந்து ஒயர் இறக்கி கீழே ஒரு பிளக் வைக்க ஹவுஸ் ஓனர் சரின்னுட்டார்.

ஐந்தாவது_பேட்டரி:
புதுசு ஒண்ணு வாங்கிப் போடாதீங்க. பழசு நாலும் 20 மாசம் தேய்ஞ்சது, புதுசு மட்டும் திடமா நிக்கும். டிஸ்சார்ஜ்ல பழசு முன்னாடியே காலியாகும், சார்ஜ்ல முன்னாடியே நிறைஞ்சு கேஸ் விட ஆரம்பிக்கும். இன்னும் ரெண்டு படுக்கும். மெக்கானிக்கிட்ட யாராவது மாத்திட்டுப் போன செட்ல, லோடுல 11.5 நிக்கற 28 ஏ.எச். ஒண்ணு பழசா கிடைக்குமான்னு கேளுங்க. ஆயிரத்துக்குள்ள முடியும். லைசென்ஸ் வந்து வண்டி தேடற வரைக்கும் ரெண்டு மூணு மாசம் ஓடும்.

வாட்_கணக்கு:
பிளக் விஷயம்: 900 வாட் சார்ஜர் 4 ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் மணிக்கணக்கில் இழுக்கும். 5 ஆம்பியர் சாக்கெட்டில் பின் தளர்ந்து சூடாகி உருகும். 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர் மூன்று இழை எர்த்தோடு, மேலே 16 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கட் ஆகும் சுவிட்ச்). மழை படும் சுவர் என்றால் மூடியுள்ள பெட்டி. ஜங்ஷன் பாக்ஸ் எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம்.

22 கி.மீ.க்கு சுவரில் 0.9 யூனிட் ஆகும், இரண்டு மாச பில்லில் 55 யூனிட் கூடும். இப்போது 460, 470 யூனிட் வருகிறதென்றால் கவனம்: 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே 101-லிருந்து 200 வரைக்குமே விலை மாறும்.

ஆர்.சி._புக்:
பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் 5 பேட்டரியையும் சேர்த்தே ஒரு விலை போடுவார்கள். பேட்டரியைத் தனியாக எடைக்குக் கேட்டுப் பாருங்கள், 40 கிலோவுக்கு மேல் வரும். சார்ஜரையும் ஹப் மோட்டாரையும் உங்கள் மெக்கானிக்கே ஸ்பேருக்கு எடுத்துக்கொள்வார்.