கொல்லைப்புறத்தில் கற்பனை விளையாட்டு: எது ஓடுகிறது, எது படுத்துவிடுகிறது

மூன்றிலிருந்து ஏழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கொல்லைப்புறத்தில் எதை அமைத்தால் நாள்தோறும் விளையாடுகிறார்கள், எது இரண்டே நாளில் மூலைக்குப் போகிறது? அமைத்துப் பார்த்தவர்கள் அளவோடு எழுதினால் பலருக்கும் பயன்படும். மண் சமையலில் தொடங்குகிறேன். அதிகம் பேர் தவறவிடுவது அதில்தான்.

முதல் தவறு உயரம். பெரியவர் கண்ணுக்கு அழகாகத் தெரியும் மேசை, குழந்தைக்கு நெஞ்சு வரை வந்துவிடும். பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாத பிள்ளை அதை இழுத்துத் தன் மேலேயே கவிழ்த்துக்கொள்ளும். மேற்பரப்பு இடுப்பு மட்டத்தில் இருக்கட்டும்: மூன்று வயதுக்குச் சுமார் 45 செ.மீ., ஐந்து வயதுக்கு 50 முதல் 55 செ.மீ. உறுதியான இரண்டு மரப்பெட்டிகளைக் கவிழ்த்து, மேலே ஒரு மீட்டர் பலகை போட்டால் போதும். பெட்டிகள் பலகையின் இரு முனைகளிலும் சரியாக நிற்க வேண்டும். பலகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குழந்தை சாய்ந்ததும் மறுமுனை எழும்பும்.

மண்ணைச் சலித்து எடுங்கள். உரம் கலந்த தொட்டி மண் வேண்டாம். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்றால் உருட்டப் பிடிபடும். சரிபாதி ஊற்றினால் கஞ்சி. களிமண் அதிகமுள்ள இடங்களில் இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் சேர்க்காவிட்டால் கையைவிட்டு வராது. கிண்ணத்தின் உட்புறத்தை நனைத்து, உலர்ந்த மணலைத் தூவி, பிறகு மண்ணை அழுத்தினால், கவிழ்த்ததும் வடிவம் உடையாமல் இறங்கும். தண்ணீரைக் குழாயிலிருந்து நேராக விடாதீர்கள். இரண்டு லிட்டர் குடுவையில் வையுங்கள், அளவு இருந்தால்தான் "இன்னும் எவ்வளவு ஊத்தலாம்?" என்ற யோசனையே வரும். கரண்டி எல்லாம் இரண்டிரண்டாக இருக்கட்டும், சண்டை பாதி குறையும். விளையாடி முடித்ததும் மணல் தொட்டியை மூடிவிடுங்கள், பூனைகள் அதைக் கழிப்பிடமாக்கிவிடும். கைகளை சோப்புப் போட்டுக் கழுவுவதும் கட்டாயம்.

* * *

தண்ணிச் சுவர் பத்தி நான் சொல்றேன். அதாவது, பாட்டில்களை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாத் தடுப்புல கட்டி, மேல ஊத்துற தண்ணி கீழ வரைக்கும் இறங்கி வர்ற மாதிரி செய்யறது. கம்பி வலைத் தடுப்பு இருந்தா அதுவே போதும், பலகை தேவையில்லை. ஒரு லிட்டர் பாட்டிலோட அடிப்பக்கத்தை வெட்டிட்டு, மூடியைக் கழட்டித் தலைகீழாக் கட்டணும். வெட்டின விளிம்புல துணி டேப் ஒட்டாம விடாதீங்க, விரலைக் கிழிச்சிடும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் கேபிள் டை ரெண்டு. ஒண்ணு மட்டும் போட்டா, தண்ணி நிறைஞ்சதும் பாட்டில் சுத்திக்கும்.

மேல் பாட்டிலோட வாய், கீழ்ப் பாட்டிலுக்குள்ள ரெண்டு மூணு செ.மீ. இறங்கி நிக்கணும். இடைவெளி விட்டா பாதித் தண்ணி வெளியே தெறிக்கும், பிள்ளைக்கு அலுத்துப் போயிடும். ட்யூப் மாட்டினா ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் சரிவாவே போகணும். நடுவுல ஒரு இடம் மேல வளைஞ்சா அங்க காத்து அடைச்சு தண்ணி நின்னுடும். "ஓட்டையே இல்ல, ஏன் வரல?"ன்னு பலர் தேடுறது இந்த வளைவைத்தான். மேல இருக்கிற புனல் குழந்தையோட தோள் உயரத்துல போதும்.

எல்லாத்தையும் இறுக்கிக் கட்டிடாதீங்க. ரெண்டு மூணு துண்டையாவது கொக்கியில மாட்டுங்க. இடம் மாத்தி மாட்ட முடிஞ்சாத்தான் அது இன்னிக்கு மருந்து ஆலை, நாளைக்கு ஓட்டைக் கப்பல். மாத்த முடியாத சுவர் ரெண்டு நாள்ல வெறும் குழாய்.

கீழ்த் தொட்டியில பத்து லிட்டர் இருந்தா அதையே மொண்டு மொண்டு ஊத்தலாம். ஆனா சில செ.மீ. தண்ணியே சின்னக் குழந்தை மூழ்கப் போதும். கை எட்டுற தூரத்துல ஒரு பெரியவர் இருக்கணும். முடிஞ்சதும் தொட்டியைக் கவிழ்த்து வைங்க. தேங்கின தண்ணியில கொசு முட்டை ஒரு வாரம், பத்து நாளுக்குள்ள கொசுவாயிடும்.

* * *

கூடாரத்துக்குக் கயிற்றை எந்த உயரத்தில் கட்டுவது என்று கேட்பவர்கள் அதிகம். பெரும்பாலும் தன் நெஞ்சு உயரத்தில் கட்டிவிட்டு, துணி தரையைத் தொடவில்லையே என்று விழிப்பார்கள். கணக்கு எளிது. 220 செ.மீ. நீளப் போர்வையைக் கயிற்றின் மேல் போட்டால் இரு பக்கமும் 110 செ.மீ. தொங்கும். கயிறு 120 செ.மீ. உயரத்தில் இருந்தால் அது திரைச்சீலைதான். 90 செ.மீ. உயரத்தில் கட்டினால் ஓரங்களை விரித்து, உள்ளே சுமார் 125 செ.மீ. அகலம் கிடைக்கும், மூன்று குழந்தைகள் உட்காரலாம். 80 செ.மீ.க்கு இறக்கினால் அகலம் 150, ஆனால் தலை இடிக்கும்.

ஓரங்களைப் பிடிக்கக் கல் வைப்பதைவிட, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியின் மூலையில் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுவது நல்லது. குழந்தை இழுத்தாலும் காலில் கல் விழாது. பருத்தித் துணியே சிறந்தது. தார்ப்பாய் வெயிலில் அடுப்பாகிவிடும். இரண்டு வாயிலையும் திறந்தே விடுங்கள்: காற்று வரும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். பிள்ளைகளுக்கும் "தப்பிக்கும் வழி" இல்லாத குகை பிடிப்பதில்லை.

துணியை எடுத்த கையோடு கயிற்றையும் அவிழ்த்துவிட வேண்டும். 90 செ.மீ. என்பது ஓடிவரும் குழந்தையின் கழுத்து மட்டம். இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

* * *

கொக்கி பற்றிச் சொன்னவர் முக்கியமான இடத்தைத் தொட்டிருக்கிறார். பிரிட்டிஷ் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதிய கருத்தும் அதுதான்: ஒரு சூழலில் மாற்றக்கூடிய பொருள்கள் எத்தனை, எத்தனை வகை என்பதைப் பொறுத்தே அங்கே புதிதாக உருவாக்கும் திறனும் கண்டுபிடிப்பும் அமையும். அதற்கும் முன்பே, டென்மார்க்கின் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் சோரன்சென், தான் அமைத்த பூங்காக்களைவிடக் கட்டுமான இடங்களில்தான் குழந்தைகள் ஆர்வமாக விளையாடுவதைக் கவனித்தார். 1943இல் கோபன்ஹேகன் பக்கம் எம்ட்ரப்பில் திறந்த 'பழைய சாமான் விளையாட்டுத் திடல்' அந்தக் கவனிப்பிலிருந்து வந்தது.

வீட்டுக்கு இதன் பொருள்: பாதியில் நிறுத்துங்கள். அட்டைப்பெட்டிக்கு சக்கரம் வரைந்துவிட்டால் அது கார் மட்டும்தான். ஒரு கதவை மட்டும் மூன்று பக்கம் வெட்டி மடக்கிக் கொடுத்தால் அது மருத்துவமனை, ராக்கெட், கடை எதுவாகவும் ஆகும். கொடுக்கும் முன் ஸ்டேப்பிள் பின்களைப் பிடுங்கிவிடுங்கள். இரவில் இரண்டு பலகைமேல் தூக்கி வைத்து மேலே மூடினால் நாலைந்து நாள் தாங்கும். பனியில் நனைந்தால் காலையில் துவண்டு கிடக்கும்.

தொடங்குவதற்கு: தேய்த்து வழவழப்பாக்கிய 60 முதல் 90 செ.மீ. பலகைகள் ஆறு, வாளி நான்கு, பழைய டயர் இரண்டு (தண்ணீர் வடியத் துளை போட்டது), பழைய துணிகள், துணிக் கிளிப்புகள் இருபது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் அள்ளிக் கவிழ்ப்பதே விளையாட்டாகிவிடும். மூன்று வகை வெளியே, மற்றது உள்ளே; வாரம் ஒரு முறை மாற்றுங்கள்.

* * *

மண்ணே இல்லாத சிமெண்டுத் தரைக்கு: 5 செ.மீ. அகல பெயிண்ட் பிரஷும் கால் வாளி தண்ணீரும். சுவருக்கு "பெயிண்ட்" அடிப்பார்கள், காய்ந்து மறையும், மறுபடி அடிப்பார்கள். ஒன்றரை வயதிலேயே தொடங்கலாம்.

காலையில் நிழல் நீளமாக இருக்கும்போது பொம்மை விலங்குகளை வரிசையாக நிறுத்தி, நிழலைச் சாக்பீஸால் வரையுங்கள். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் இருபது நிமிடத்திலேயே நிழல் கோட்டைவிட்டு நகர்ந்திருக்கும். "டைனோசர் தோலை விட்டுட்டு எங்கே போச்சு?" என்று கேட்டால் போதும், கதை அவர்களிடமிருந்து வரும். நடுப்பகலில் முயன்று ஏமாறாதீர்கள், நிழல் காலடியிலேயே சுருண்டிருக்கும்.

* * *

பெரிய சோப்புக் குமிழிக்கு: தண்ணீர் 6 கப், பாத்திரம் கழுவும் திரவம் 1 கப், கிளிசரின் 1 மேசைக்கரண்டி. நுரை வராமல் மெதுவாகக் கலக்கி, ஓர் இரவு வைக்க வேண்டும். இரண்டு குச்சிகளுக்கு நடுவே பருத்தி நூலை வளையமாகக் கட்டுங்கள். நைலான் நூல் கரைசலை உறிஞ்சாது. பெரும்பாலான தோல்விக்குக் காரணம் அதுவே. ஈரப்பதமுள்ள காலை நேரம் நல்லது. வறண்ட காற்றில் படலத்தின் நீர் சீக்கிரம் ஆவியாகி உடைந்துவிடும். தரை வழுக்கும், ஆகவே புல்தரையில் செய்யுங்கள்.

* * *

தட்டில் குட்டி ஊர் அமைப்பவர்களுக்கு: 40 × 60 செ.மீ. தட்டு, அடியில் இரண்டு விரல்கடை மண், பாசி, குச்சி, கிண்ணத்தில் ஒரு குளம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் டாய்லெட் பேப்பர் உருளைக்குள் நுழையும் அளவுள்ள எதுவும் வேண்டாம். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள் எந்த வயதுக்கும் வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள்ளும் பெருக்கும். "மருந்துச் செடி" பறிக்கும் ஆட்டம் வரும் முன்பே தோட்டத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி எல்லாமே நஞ்சு.

* * *

பெரியவர் என்ன பேசுவது என்பதையும் சேர்த்துவிடலாம். கிண்ணத்தில் மண்ணைக் கொண்டுவந்து நீட்டும்போது "ஆகா, பிரமாதம்!" என்றால் பேச்சு அங்கேயே முடியும். "இது யாருக்கு?", "இன்னும் எவ்வளவு நேரம் வேகணும்?", "இது ஆறிட்டா என்ன ஆகும்?" இப்படி ஒரே ஒரு கேள்வி. பதில் வந்ததும் அந்தக் கதைக்குள் சொன்ன வேலையை மட்டும் செய்யுங்கள், அடுத்த காட்சியை நீங்கள் சொல்லாதீர்கள். பாதி ஆட்டத்தில் சாப்பிடக் கூப்பிட வேண்டியிருந்தால் பத்து நிமிடம் முன்பே சொல்லிவிட்டு, கட்டியதைக் கலைக்காமல் அப்படியே விடுங்கள். மறுநாள் காலை அதே இடத்திலிருந்து தொடர்வார்கள்.