ஒரே மேடையோட கலையுற ராக் குழு: ஆம்ப் மேல பழி போடாதீங்க

மூணு_டெசிபல்: ஒருத்தர் எழுதியிருக்கார்: “சின்ன ராக் குழு முதல் மேடையோட கலையக் காரணம் 100 வாட் ஆம்ப், அதாவது கிடார் ஒலியைப் பெருக்குற பெட்டி. 50 வாட்டை விட ரெண்டு மடங்கு சத்தம், பாடகர் குரல் அமுங்கிடும், அப்புறம் அடிதடி.” ரெண்டு மடங்காம்! 50ல இருந்து 100 வாட்டுக்குப் போனா கூடுறது 3 டெசிபல். காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னா சுமார் 10 டெசிபல் ஏறணும். அதுக்கு 500 வாட் வேணும்.

குச்சி_உடைச்சான்: வந்துட்டாருய்யா கால்குலேட்டர். அந்த 3 டெசிபல்லதான் பாடகர் தொண்டை போகுது.

மூணு_டெசிபல்: தொண்டை போறது உங்க ஸ்னேர் டிரம்மால. டிரம்ஸுக்கு வால்யூம் திருகு கிடையாது. அதுக்கு ஈடு கொடுக்கத்தான் மத்தவன் எல்லாம் ஏத்துறான். 3 டெசிபல். எழுதி வெச்சுக்கோங்க.

மிக்சர்_மேசை: ரெண்டு பேரும் நிறுத்துங்கப்பா. கிடார்காரர் ஆம்பைத் தரையில வெச்சு, அதுக்கு முன்னாடியே நிக்கிறார். சத்தம் போறது முழங்காலுக்கு. முழங்காலுக்குக் காது கிடையாது, அதனால “எனக்குக் கேக்கலையே”ன்னு திருகுவார். 12 அங்குல ஸ்பீக்கர்ல கூர்மையான ஒலியெல்லாம் நேர்கோட்டுல பாயும், முன்வரிசை காதைப் பொத்தும். ஆம்பைச் சாய்ச்சு வைங்க, இல்ல நாற்காலி மேல ஏத்துங்க. தானா குறைச்சிடுவார்.

அடுத்தது ஊளை, அதாவது ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போய்க் கத்துறது. முன்பக்கத்தையே அதிகமா கேக்குற கார்டியாய்ட் மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் செவிடு, அதனால மானிட்டரை (பாடகர் தன் குரலைக் கேக்குற ஸ்பீக்கர்) அங்க வைக்கலாம். அதைவிடக் குறுகலா கேக்குற சூப்பர்கார்டியாய்டுக்கு அந்த இடம் சுமார் 125 டிகிரியில, பின்னால ரெண்டு ஓரத்துலயும். நேர் பின்னாடி வெச்சா மாட்டிக்கும். இது போதாதுன்னு பாடகர் ஸ்டைலா மைக் வலையைக் கையால பொத்துவார். பொத்தினா அது நாலாபக்கமும் கேக்குற மைக் ஆயிடும். கூஊஊஊ!

மூணு_டெசிபல்: ஆக ஆம்ப் குற்றவாளி இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க.

மிக்சர்_மேசை: எங்க ஒத்துக்கிட்டேன்?

நாலு_தந்தி: வாட்டுக்கா குழு கலையுது? பேர் வைக்க மூணு வாரம், சின்னம் வரைய ரெண்டு வாரம், நாலாவது பாட்டு கடைசி வரைக்கும் வராது. மேடையில கிடாரெல்லாம் அரை ஸ்வரம் இறக்கி ஈ ஃப்ளாட்ல நிக்கும், கீபோர்டுக்காரர் தன்னோடதையும் அரை ஸ்வரம் இறக்க டிரான்ஸ்போஸை மைனஸ் 1 வைக்க மறந்திருப்பார். ஒரே நேரத்துல ரெண்டு பாட்டு!

குச்சி_உடைச்சான்: பேஸ்காரரும் பேசுறார், கேட்டுக்கோங்க. மேடையிலதான் யாருக்கும் கேக்கல.

நாலு_தந்தி: கேக்காததுக்குக் காரணம் உங்க கிராஷ் சிம்பல், அண்ணே.

பழைய_ரிக்கார்டு: இங்கிலாந்து ராக் குழு க்ரீம் 1968ல கலைஞ்சதுக்கு பேஸ்காரர் ஜாக் புரூஸ், டிரம்மர் ஜிஞ்சர் பேக்கர் பகைதான் காரணம்னு ஊருக்கே தெரியும். அடுத்த வருஷம் பேக்கர் சேந்த பிளைண்ட் ஃபெயித் குழு, ஒரே ஆல்பம், அதே வருஷம் மூடுவிழா. இதுல ஆம்ப் எங்க வந்துது?

குச்சி_உடைச்சான்: க்ரீம்ல என்ன ஆம்ப்? மார்ஷல் 100 வாட் அடுக்கு! அந்தச் சத்தத்தைப் பத்தி ஜிஞ்சர் பேக்கரே புலம்பியிருக்கார். டிரம்மர் சொன்னா யார் கேக்குறா?

மூணு_டெசிபல்: 50 வாட் அடுக்கு வெச்சிருந்தாலும் புலம்பியிருப்பார். வித்தியாசம் 3 டெசிபல்.

மிக்சர்_மேசை: ஐயா டெசிபல், போன தடவை கரண்ட்டால வர்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பேச்சு வந்தப்ப ஆம்ப் பிளக்குல எர்த் பின்னைக் கழட்டச் சொன்ன மகான் நீங்கதானே? ஆம்ப்ல கோளாறு வந்தா கிடார் தந்தியில மின்சாரம். கை தந்தியில, உதடு எர்த் ஆன மைக்குல. குழு கலையாது, ஆளே கலைஞ்சிடுவார். மிக்சருக்கு இணைக்கிற டிஐ பாக்ஸ்ல, சிக்னல் எர்த்தை மட்டும் பிரிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் எதுக்கு இருக்கு?

மூணு_டெசிபல்: விஷயத்தை மாத்தாதீங்க. 50ல இருந்து 100க்கு எத்தனை டெசிபல்? அதை மட்டும் சொல்லுங்க.

மிக்சர்_மேசை: எர்த் பின்னுக்குப் பதில் வரட்டும், அப்புறம் சொல்றேன்.

மூணு_டெசிபல்: மூணு.

நாலு_தந்தி: அந்த நாலாவது பாட்டு என்னாச்சுன்னு ஒருத்தரும் கேக்கலையே.